பறவையறிஞர் சலீம் அலி

நம் பாரத நாட்டில் பறவைகளைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் சலீம் அலியின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அப்பெரியார் இயற்றிய நூல்களை உலகம் அறியும். துப்பாக்கி பிடித்து வளர்ந்த அவர், குளிர்காலத்தில் நம் நாட்டை நாடி வரும் நீர்ப்பறவைகளைக் காக்கும் பொருட்டு எவ்வாறு பாடுபட்டார் என்பதைப் பலர் அறியார். அதனை இம்மலரின் வாயிலாக ஓரளவு எடுத்துரைக்க விழைகின்றேன்.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒன்பது மக்களுள் கடைசிப் பிள்ளை. மூன்று வயதளவில் தாய் தந்தையர் இருவரையும் இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார். மாமன் வேட்டையில் பெருவிருப்பமுடையவர். மருமகனுக்குக் காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கித் தந்தார். 1908-இல் ஒருநாள் சிறுவன் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று காணப்பட்டது. அதனை உண்பது சமய விதிக்கு ஏற்குமா என்று மாமனிடம் வினவினான். அவரோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவக் காரியதரிசி மில்லர்டு துரையிடம் அவனை அனுப்பினார். துரை இன்முகத்துடன் வரவேற்று, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அன்று பிடித்த பித்து அவரை ஆயுள் முழுதும் விடவில்லை.

1913-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரிப் படிப்பு நிலைக்கவில்லை. பர்மாவில் உள்ள தவாய்க்குச் சென்று குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலைக் கவனித்துத் திரும்பினார். பம்பாய் அருங்காட்சிசாலையில் கிடைத்த உத்தியோகமும், அவர் பெர்லின் நகரில் ஸ்டிரெஸெமன் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930-இல் திரும்பிய வேளையில், பணமுடை காரணமாக எடுபட்டது. வேறோர் அரசாங்கப் பதவியும் பட்டம் இல்லாமையால் கைகூடவில்லை. பட்டம் பெறாத அம்மனிதரே பின்னாளில் பல சர்வகலாசாலைகளின் கௌரவப் பட்டங்களைப் பெற்றார். என்னைப் போன்று மெட்ரிகுலேஷனோடு நின்றவர்களுக்கு இச்செய்தி எத்துணை இனிமையானது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

உத்தியோகம் அற்ற அவர், மனைவி தெஹ்மினா அம்மையார் துணை நிற்க, ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுக்கும் பணியில் இறங்கினார். அம்மையார் 1939-இல் காலமானது அவருக்குத் தீராத் துயரமாயிற்று.

இனி, அக்காலத்து வேட்டை விதிகளைச் சிறிது நோக்குவோம். 1912-ஆம் ஆண்டுச் சட்டம், மாகாண அரசுகள் காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் தடைக்காலம் விதிக்க இடமளித்தது. பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் சுடலாகாது என்பதே தடைக்காலத்தின் நோக்கம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் கடும் குளிருக்கு அஞ்சி சைபீரியாவினின்று ஐப்பசி கார்த்திகையில் வந்து பங்குனியில் மீளும் வாத்துகளுக்கு அதனால் என்ன பயன்? அவை கூடு கட்டுவது நம் நாட்டில் அன்று. சுட அனுமதியுள்ள மாதங்களே அவை இங்குத் தங்கும் மாதங்கள். மேலும் சமஸ்தானங்களில் மன்னர் விருப்பமே சட்டம்.

பரத்பூர் இதற்குத் தக்க சான்று. பம்பாயிலிருந்து டில்லி செல்லும் ரயில் மார்க்கத்தில் மதுராவுக்கு முந்திய ஜங்ஷன் அது. ஊருக்கு அருகில் கேவலாதேவ் என்னும் சிவன் கோயிலைச் சூழ்ந்த தாழ்நிலத்தில் அஜான் அணையின் நீரைப் பாய்ச்சி, மகாராஜாவின் முன்னோர் வாத்து வேட்டைக்கென்றே ஏரிகள் அமைத்தனர். 1902-இல் வைஸ்ராய் கர்ஸன் பிரபுவின் பொருட்டு நடந்த முதல் வேட்டையில் 17 துப்பாக்கிகளுக்கு 540 பறவைகள் வீழ்ந்தன. 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோ பிரபு வந்தபோது 39 துப்பாக்கிகள் 4,273 பறவைகளை வீழ்த்தின. அன்று சலீம் அலிக்கு நாற்பத்திரண்டு வயது நிறைந்தது என்பது தற்செயலே. இக்கணக்குகளைக் கோயிலருகே கல்லில் பொறித்திருக்கிறார்கள். ரயில்வே அலுவலகத்தில் எண்களோடு பழகிய எனக்கும் அந்த எண்ணிக்கை ஒரு கணம் மூச்சை அடைக்கச் செய்தது.

சுதந்திரத்திற்குப் பின் வேறு வகையான ஆபத்து நேர்ந்தது. சுற்றுப்புறக் குடியானவர்கள் ஏரி நீரைப் பாசனத்திற்கும் நிலத்தை உழவிற்கும் கேட்டனர். உணவுப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில் அவர்கள் கேட்டதைக் குற்றம் என்று கூற ஒண்ணாது. சலீம் அலி தலைநகரில் முறையிட்டார்; பிரதமர் நேரு தலையிட்டார்; ஏரிகள் பிழைத்தன. 1956-இல் அவ்விடம் சரணாலயமாயிற்று. ஆயினும் மகாராஜாவின் சுடும் உரிமை நீடித்தது; பெரிய வேட்டைகள் 1964 வரையிலும், உரிமை 1972 வரையிலும் இருந்தன. பறவையன்பர் இதற்கு எங்ஙனம் உடன்பட்டார் என்று வியப்போர் உண்டு. என் சிற்றறிவுக்கு எட்டியவரை, இதுவே அவர் பெருமை. துப்பாக்கி ஆண்டுக்குச் சில நாள் சில ஆயிரம் பறவைகளைக் கொல்லும். ஏர் பூட்டி நீரை வடித்துவிட்டாலோ மறு ஆண்டு வந்திறங்க இடமே இராது. வேட்டையைத் தம் இளமையில் சுவைத்தவர், ஆராய்ச்சிக்காகவும் பறவைகளைச் சுட்டவர்; ஆகவே வேட்டைக்காரரைப் பகைக்காமல் நீரைக் காத்தார்.

பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அறிய வேண்டியிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொருளுதவியுடன், அவர் தலைமையில் கழகத்தார் பரத்பூரிலும் நம் கோடிக்கரையிலும் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுத்தனர். அவ்வளையங்களுட் சில தொலைவான சோவியத் நாட்டில் கிடைத்தன. ஒரு நாட்டார் மட்டும் விதி செய்து வலசைப் பறவையைக் காத்தல் அரிது என்பது இதனால் விளங்கிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நெருக்கிப் பிடித்தது; 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை லைசென்சையே ஒழித்தது. 1979-இல் பான் நகரில் உருவான வலசை உயிரின உடன்படிக்கையில் இந்தியா 1983-இல் சேர்ந்தது. அங்ஙனம் இருந்தும், 1960-களில் பரத்பூருக்கு இருநூறளவில் வந்த சைபீரியக் கொக்குகள், வழியிலுள்ள நாடுகளில் சுடப்பட்டுக் குறைந்து, 2002-க்குப் பின் அங்குக் காணப்படவில்லை.

மற்றொரு செய்தியையும் மறைத்தல் தகாது. 1982-இல் பரத்பூர் ஏரிகளில் எருமை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. அத்தடையைச் சலீம் அலியும் வேண்டியவரே. கலகம் மூண்டு, போலீசாரின் துப்பாக்கிக்குக் கிராமத்தார் சிலர் பலியாயினர். முன்பு பறவைகள் வீழ்ந்த இடத்தில் இம்முறை மனிதர் வீழ்ந்தனர். அதன்பின் நடந்ததோ எதிர்பாராதது. மேய்வார் இன்றிப் புல் தழைத்து நீர்ப்பரப்பை மூடிற்று, பறவைகள் குறைந்தன. இதனைப் பத்தாண்டு ஆராய்ந்து வெளியிட்டவர்கள் வேறெவரும் அல்லர், அவருடைய கழகத்து அறிஞர்களே. கிராமத்தார் புல்லறுத்துச் செல்லப் பிற்பாடு அனுமதி வழங்கப்பட்டது. தலைவர் விரும்பிய தடைக்கு மாறான முடிவையும் அஞ்சாது வெளியிட்ட அக்கழகத்தின் நேர்மை போற்றத்தக்கது.

அவ்வறிக்கை முற்றுப்பெறுமுன், 1987-இல், தொண்ணூறு வயது கடந்த சலீம் அலி பம்பாயில் இயற்கை எய்தினார். பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளும் ராஜ்யசபை உறுப்பினர் பதவியும் அவரைத் தேடி வந்தவை. 1976-இல் கிடைத்த கெட்டி பரிசின் ஐம்பதாயிரம் டாலரைத் தமக்கென வைத்துக்கொள்ளாது இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கு வழங்கினார். 1990-இல் அவர் பெயரால் பறவையாராய்ச்சி நிலையம் ஒன்று நம் கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் நிறுவப்பட்டது.