பிறையை அளந்த இப்னுல் ஹைதம்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் நம் பிள்ளைகள் வளையிக்குக் கீழுள்ள பரப்பளவைத் தொகையீட்டால் காணும்போது, நியூட்டன், லைப்னிட்ஸ் என்ற பெயர்களையே கேட்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவர்களுக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாசலைத் தட்டியவர் ஒருவர் இருந்தார்.

அபூ அலி அல்-ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354 அளவில் (கி.பி. 965) பஸராவில் பிறந்தார். ஒளியியல் அறிஞராகவே அவரை நாம் அறிவோம். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் சொன்னதைக் கேள்வியுற்ற பாத்திமிய ஆட்சியாளர் அல்-ஹாகிம் அவரை எகிப்துக்கு அழைத்தார். ஆற்றோரமாகத் தெற்கே பயணித்தவர், முன்னோர் எழுப்பிய பிரம்மாண்டக் கட்டடங்களைக் கண்டார். இவ்வளவு கெட்டிக்காரர்களே செய்யாத வேலை தன்னால் ஆகாது என்று உணர்ந்து திரும்பினார். அல்-ஹாகிமின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம் பிடித்தவராக நடித்தார். 1021இல் அல்-ஹாகிம் மறையும்வரை வீட்டுக்காவல்தான். இருநூறு ஆண்டுகள் கழித்து இப்னுல் கிப்தி எழுதிய கதை இது. எவ்வளவு மெருகேறியதோ, அல்லாஹ் அறிவான்.

அவருடைய கணிதத்துக்கு வருவோம். ஒரு செங்கோண முக்கோணியின் மூன்று பக்கங்களின் மீதும் அரைவட்டம் வரையுங்கள். பெரிய அரைவட்டம் முக்கோணியை உள்ளடக்கி, செங்கோண உச்சியினூடாகச் செல்லட்டும். சிறிய இரண்டும் வெளிப்பக்கமாக இருக்கட்டும். பெரிய வில்லுக்கும் சிறிய விற்களுக்கும் இடையே இரண்டு பிறைகள் தோன்றும். அவ்விரண்டின் மொத்தப் பரப்பளவு முக்கோணியின் பரப்பளவுக்குச் சரிசமம். இருசமபக்க முக்கோணிக்குக் கிரேக்கரான ஹிப்போகிராட்டீஸ் கண்டதை எல்லாச் செங்கோண முக்கோணிகளுக்கும் விரித்தவர் இவர். வளைவுகளுக்கு இடைப்பட்ட பரப்பு, தொகையீடே இல்லாமல்!

இதைவிடக் கடினமானது பரவளைவு. அதை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வரும் திண்மத்தைத் தாபித் இப்னு குர்ராவும் அல்-கூஹியும் முன்பே அளந்திருந்தார்கள். இவரோ அச்சுக்குச் செங்குத்தான அடிக்கோட்டைச் சுற்றிச் சுழற்றினார். திண்மத்தை மெல்லிய தட்டுகளாக வெட்டி, உள்ளே அடங்கும் உருளைகளுக்கும் வெளியே மூடும் உருளைகளுக்கும் நடுவே கனவளவை நெருக்கினார். அதற்கு எண்களின் நான்காம் வலுக்களின் கூட்டுத்தொகை தேவைப்பட்டது. அதையும் தாமே கண்டுபிடித்தார். கிடைத்த விடை, சுற்றியுள்ள உருளையில் 8/15 பங்கு. இன்றைய தொகையீடும் அதையே தருகிறது.

நுண்கணிதத்தையே இவர்தான் கண்டுபிடித்தார் என்று நம்மவர் சிலர் பகிர்வது மிகை. எல்லா வளையிகளுக்கும் பொருந்தும் பொதுமுறை அவரிடம் இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே போராடி வென்றார். அதனால்தான் எனக்கு அவர் மீது மதிப்புக் கூடுகிறது.

விடுதலையான பின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கினார். ஆண்டுதோறும் யூக்ளிட், தொலமி நூல்களைக் கைப்படப் பிரதியெடுத்து 150 தீனாருக்கு விற்று, அந்தப் பணத்தில் வாழ்ந்தார் என்கிறார்கள். 1040 அளவில் கெய்ரோவில் வபாத்தானார்.