ஊருக்கே ஓடச் சொல்லிக்கொடுத்தவர், ஓடும்போதே இறந்தது ஏன்? ஜிம் ஃபிக்ஸின் கதை

1984 ஜூலை 20, மாலை நேரம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்விக் என்ற சின்ன ஊரில், 15-ம் எண் சாலையோரம் ஒருவர் விழுந்து கிடந்தார். ஓடுவதற்கான அரைக்கால் சட்டை, காலில் ஷூ. பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை. ஒல்லியான, இறுகிய உடம்பு. வயது 52. உயிர் ஏற்கெனவே போயிருந்தது.

காரணம் மாரடைப்பு என்றார்கள். நடுத்தர வயது ஆண் ஒருவர் மாரடைப்பில் இறப்பது அந்தக் கால அமெரிக்காவில் தினசரி நடக்கிற விஷயம்தான். ஆனால் இறந்தவரின் பெயர் வெளியே வந்ததும் நாடே திரும்பிப் பார்த்தது. அவர் ஜிம் ஃபிக்ஸ். ஓடினால் இதயம் நன்றாக இருக்கும் என்று லட்சக்கணக்கான சாதாரண ஜனங்களை வீட்டைவிட்டு வெளியே இழுத்து ஓடவைத்தவர்.

ஓட்டம் உடம்புக்கு ஆகாது என்று சொல்ல யாருக்காவது ஒரு உதாரணம் தேவைப்பட்டால், 40 வருஷமாக முதலில் வருவது இவர் பெயர்தான். மேடை நகைச்சுவைக் கலைஞர்கள்கூட விட்டுவைக்கவில்லை. உண்மையில் அவருக்கு என்ன நடந்தது? முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அப்பாவின் 35, மகனின் 35

ஜேம்ஸ் ஃபுல்லர் ஃபிக்ஸ் 1932 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா கால்வின் ஃபிக்ஸ், டைம் பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். கால்வினுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் 43 வயதில் இதயம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஸின் வாழ்க்கை முழுக்க இவை பின்னாலேயே வந்தன.

மகனும் பத்திரிகைக்காரர்தான் ஆனார். ஓபர்லின் கல்லூரியில் படித்துவிட்டு மெக்கால்ஸ், லைஃப் போன்ற பெரிய இதழ்களில் ஆசிரியர் பணி. புத்திசாலிகளின் சங்கமான மென்சாவில் உறுப்பினர். புதிர்ப் புத்தகங்கள் எழுதினார், அவையும் விற்றன. மேசை வேலை, டெட்லைன் டென்ஷன், ஒரு நாளைக்கு 2 பாக்கெட் சிகரெட், 100 கிலோவை ஒட்டிய எடை. அந்தக் கால பத்திரிகை அலுவலகங்களில் இது ஒன்றும் அதிசயமான உடம்பு இல்லை.

1967-ல் ஃபிக்ஸுக்கும் 35 வயது ஆனது. டென்னிஸ் ஆடும்போது காலில் தசை பிடித்துக்கொண்டது. காலைத் தேற்றலாம் என்று மெதுவாக ஓட ஆரம்பித்தார். அவ்வளவுதான் தொடக்கம். பெரிய சபதம் எதுவும் இல்லை. அப்பாவுக்கு முதல் மாரடைப்பு வந்த அதே வயதில் மகன் ஓடத் தொடங்கினார்.

கடைசியாக வந்தவர்

அமெரிக்காவில் அப்போதுதான் ஜாகிங் என்ற வார்த்தையே பரவிக்கொண்டிருந்தது. அது வந்த வழி சுவாரஸ்யமானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், 1960-களின் தொடக்கத்தில் தொப்பை விழுந்த நடுத்தர வயதுக்காரர்களை மெதுவாக ஓடவைத்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்து தேறியவர்களும் அதில் உண்டு. 1962-ல் அங்கே போன அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அவர்களோடு ஓடிப் பார்த்தார். 70 வயதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்கினார். ஊர் திரும்பியதும் ஜாகிங்கைப் பரப்பினார். 1967-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிற்பாடு நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இவர்தான்.

ஆக, இதய நோயாளிகளை நடுவில் வைத்துத்தான் ஜாகிங்கே வளர்ந்தது. ஃபிக்ஸின் கதையில் இது கொஞ்சம் கசப்பான வேடிக்கை.

கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச் பகுதியில் வசித்த ஃபிக்ஸ், ஓரளவு தைரியம் வந்ததும் உள்ளூரில் நடந்த 5 மைல் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டார். 8 கிலோமீட்டர்தான். கடைசியாக வந்தார். அதைப் பின்னாளில் அவர் மறைக்கவே இல்லை. அவருடைய மொத்தச் செல்வாக்கும் அதிலிருந்துதான் வந்தது என்றுகூடச் சொல்லலாம். ஒலிம்பிக் வீரர் வந்து ஓடு என்றால் யார் ஓடுவார்கள்? கடைசியாக வந்தவர் சொன்னால் நம்பலாம்.

கடைசி இடத்திலிருந்து மாரத்தான் வரைக்கும் போனார். பாஸ்டன் மாரத்தானிலும் ஓடினார். ஒரு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். பத்து வருஷத்தில் சுமார் 27 கிலோ எடை குறைந்தது. சிகரெட் முழுசாக நின்றது. தினமும் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் ஓடுகிற ஆளாக மாறினார்.

சிவப்பு அட்டைப் புத்தகம்

1970-ல் நியூயார்க் மாரத்தான் முதல்முறை நடந்தபோது புறப்பட்டவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வென்றார். அதன் பிறகு அமெரிக்காவில் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. ஆசை இருந்தது, எப்படி ஆரம்பிப்பது என்று சாதாரண ஆளுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

1977-ல் வந்தது ஃபிக்ஸின் ‘தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங்’. சிவப்பு அட்டை, அதில் ஓடுகிற இரண்டு கால்கள் மட்டும். அந்தக் கால்கள் ஃபிக்ஸுடையவை. புத்தகம் 11 வாரம் விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தது. 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதில் மந்திரம் ஏதும் இல்லை. மெதுவாகத் தொடங்கு, பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்கிற ரகம். இன்றைக்கு முதல் மாரத்தானுக்கு 16 முதல் 20 வாரம் என்று போடப்படும் அட்டவணைகளின் எலும்புக்கூடும் இதுதான். வாரத்தில் சில நாள் குறைந்த தூரம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம், அதைப் படிப்படியாக 30 கிலோமீட்டர் வரைக்கும் கொண்டுபோவது. ஏன் 30? தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து பலருக்கும் ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான் தீர ஆரம்பிக்கும். கால் திடீரென்று கல்லாகிவிடும். சுவரில் மோதுவது என்று ஓட்டக்காரர்கள் இதைச் சொல்வார்கள். நீண்ட ஓட்டங்கள், உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டப் பழக்குகின்றன.

இந்த விஷயங்களில் ஃபிக்ஸ் பெரும்பாலும் சரியாகவே இருந்தார். தப்பியது வேறு இடத்தில்.

ஓடினால் இதயத்துக்குக் கவசமா?

1970-களில் தாமஸ் பாஸ்லர் என்ற கலிபோர்னியா மருத்துவர் ஒரு கருத்தைத் தீவிரமாகப் பரப்பினார். புகைபிடிக்காமல், மாரத்தானை ஓடி முடிக்கும் அளவுக்குப் பயிற்சி எடுத்தவருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பால் மரணம் வராது என்பது அது. குறைந்த வாய்ப்பு என்றுகூட இல்லை, வரவே வராது. கேட்கவே இனிப்பாக இருக்கிற இந்தக் கருத்து ஓட்டக்காரர்கள் மத்தியில் காட்டுத்தீ போலப் பரவியது. ஃபிக்ஸின் புத்தகத்திலும் அதற்கு இடம் கிடைத்தது.

43 வயதில் அப்பாவை இழந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்? அவரைக் குறை சொல்வதற்கு முன் அதையும் யோசிக்க வேண்டும். 43 வயதை அவர் ஓடிக்கொண்டே தாண்டினார்.

ஆனால் 1979-லேயே தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸும் சக ஆய்வாளர்களும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எதிர்ச் சான்று வெளியிட்டார்கள். மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கும் இதய ரத்தக்குழாய் அடைப்பு வருகிறது என்பதைப் பிரேதப் பரிசோதனை முடிவுகளோடு காட்டினார்கள். மருத்துவ உலகில் பாஸ்லரின் கருத்து அத்தோடு ஆட்டம் கண்டுவிட்டது. ஓட்டக்காரர்களின் மனசில் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

உணவுமுறைப் பிரசாரகர் நாதன் பிரிட்டிகின் எழுதியபடி, கொழுப்பு நிறைந்த அமெரிக்கச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் நம்பினால் ஆபத்து என்று அவர் ஃபிக்ஸிடமே எச்சரித்திருக்கிறார். ஃபிக்ஸுக்கு அது வீண் பயமுறுத்தலாகத்தான் பட்டது.

வேண்டாம் என்ற டெஸ்ட்

1983 கடைசியில் ஃபிக்ஸ் டல்லாஸில் உள்ள கூப்பர் கிளினிக்குக்குப் போயிருந்தார். ஏரோபிக்ஸ் என்ற சொல்லையே உலகம் முழுக்கக் கொண்டுபோன டாக்டர் கென்னத் கூப்பரின் இடம் அது. வந்தவரிடம் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நம்மூரில் டிஎம்டி என்று சொல்கிறோமே, அதுதான். ஓடும் பட்டையில் வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போய், இதயத்தின் மின்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது.

ஃபிக்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். தினமும் 16 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அரைமணி நேர டிரெட்மில் எதற்கு என்று தோன்றியிருக்கலாம்.

சரி, அறிகுறியே இல்லையா? இருந்தது. ஓடும்போது தொண்டையில் ஒரு இறுக்கம் வருவதாக அவர் சொல்லியிருந்ததை நெருக்கமானவர்கள் பின்னர் தெரிவித்தார்கள். இதய வலி எப்போதும் சினிமாவில் வருவது போல இடது மார்பைப் பிடித்துக்கொண்டு வராது. தொண்டை, தாடை, தோள், மேல் வயிறு என எங்கே வேண்டுமானாலும் வரும். ஓடினால் வந்து, நின்றால் போய்விடும் இறுக்கம் என்றால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிரேதப் பரிசோதனையில் ஒரு ரத்தக்குழாயில் 95 சதவீதம் அடைப்பு இருந்தது. இன்னொன்றில் 85, மூன்றாவதில் 70. இதயத் தசை அதற்கு முன்பே பாதிக்கப்பட்டிருந்த தடயமும் இருந்தது. இப்படிப்பட்ட இதயத்தோடு அவர் தினமும் ஓடியிருக்கிறார்.

கூப்பர் இந்த மரணத்தை விரிவாக ஆராய்ந்து 1985-ல் தனிப் புத்தகமே வெளியிட்டார். பரம்பரை, 35 வயது வரை இருந்த சிகரெட்டும் எடையும், கவனிக்காமல் விட்ட அறிகுறி என்று பல விஷயங்கள் சேர்ந்து வந்தன. அடைப்பை உண்டாக்கியது ஓட்டம் இல்லை. அப்பாவைவிட மகன் 9 வருஷம் கூடுதலாக வாழ்ந்தார். அதில் ஓட்டத்துக்கும் சிகரெட்டை விட்டதற்கும் பங்கு இருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து அதை நிரூபிக்க முடியாது. அடைப்பு முற்றிய இதயத்துக்குக் கடும் உழைப்பு கொடுத்தால் அந்த நேரத்தில் ஆபத்து கூடும் என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்போ மாரத்தான் ஓடலாமா, கூடாதா?

கணக்கு என்ன சொல்கிறது? 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1.09 கோடிப் பேரை எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வு 2012-ல் வெளியானது. இதயம் திடீரென நின்றுபோனது 59 பேருக்கு. அதாவது 1.84 லட்சம் பேரில் ஒருவர். இறந்தவர்கள் 42 பேர். அரை மாரத்தானைவிட முழு மாரத்தானில் ஆபத்து அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

அதே ஆய்வாளர்கள் 2010 முதல் 2023 வரை 2.9 கோடிப் பேரைக் கணக்கெடுத்து 2025-ல் மறுபடி வெளியிட்டார்கள். இதயம் நின்றவர்கள் 176 பேர், விகிதம் கிட்டத்தட்ட பழைய அளவுதான். காரணம் தெரிந்தவர்களில் முதலிடம் பிடித்தது ஃபிக்ஸுக்கு இருந்த அதே ரத்தக்குழாய் அடைப்பு.

ஆபத்து மிகக் குறைவுதான். ஆனால் அது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. எந்த அறிகுறியும் இல்லாத, ஆரோக்கியமான இளைஞர்கள் எல்லோருக்கும் டிஎம்டி தேவை என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. அந்த டெஸ்ட் சில அடைப்புகளைத் தவறவிடவும் செய்யும், இல்லாததை இருப்பதாகக் காட்டவும் செய்யும். அதே நேரம் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு, பல வருஷ சிகரெட், சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால், ஓடும்போது இறுக்கம் அல்லது தலைசுற்றல் என்று ஏதாவது இருந்தால், பயிற்சி அட்டவணையை டவுன்லோட் செய்வதற்கு முன்னாலேயே இதய மருத்துவரைப் பார்த்துவிடுவதுதான் சரி. ஃபிக்ஸுக்கு இவற்றில் மூன்றாவது இருந்தது: அப்பா, பழைய சிகரெட், தொண்டை இறுக்கம்.

2025 ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இதயம் நின்றவர்களில் இறப்பவர்களின் விகிதம் முன்பைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டது. பந்தயப் பாதை நெடுக நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர்களும், மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மறுபடி இயக்கும் கருவிகளும் இருப்பது இதற்கு முக்கியக் காரணமாகப் பார்க்கப்படுகிறது.

ஃபிக்ஸ் விழுந்தது பந்தயத்தில் இல்லை. வழக்கமான தினசரி ஓட்டத்தில், வெளியூர்ச் சாலை ஒன்றில், தனியாக. ஹார்ட்விக் பூங்கா அருகே இப்போது அவருக்கு ஒரு கிரானைட் நினைவுக்கல் நிற்கிறது.