டியூப் வேண்டுமா, வேண்டாமா? பந்தய டயர் விவாதத்தைத் தொடங்கிவைத்த கால்நடை மருத்துவர் டன்லப்

மிதிவண்டிப் பந்தயத்துக்கு டியூப் உள்ள டயர் ஏற்றதா, டியூப் இல்லாத டயர் ஏற்றதா என்ற விவாதம் உலகெங்கும் உள்ள வீரர்களிடையே இன்றளவும் ஓயவில்லை. நவீனத் தொழில்நுட்பம் எழுப்பிய கேள்வியாகத் தோன்றினாலும், இதன் வேர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ளது. அந்நகரில் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் சிகிச்சை அளித்துவந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயரை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர். ரப்பருக்குள் அடைபட்ட காற்று சக்கரத்தை விரைவாக உருளச் செய்யும் என்பதை அவர் நிறுவினார். ஆனால், அந்தக் காற்றை எதற்குள் அடைப்பது, அது வெளியேறினால் எவ்வாறு சரிசெய்வது என்ற கேள்விகளுக்கு அவரால் முடிவான விடை தர இயலவில்லை. அவரது வாழ்வின் ஏற்றமும் இழப்பும் இந்தக் கேள்விகளோடு பின்னிப் பிணைந்தவை.

இளமையும் தொழிலும்

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியைச் சேர்ந்த டிரெக்ஹார்ன் என்னும் ஊரில், வேளாண் குடும்பம் ஒன்றில் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி டன்லப் பிறந்தார். தாம் குறைமாதத்தில் பிறந்தவர் என்ற எண்ணம் அவரிடம் ஆழப் பதிந்திருந்தது. அதனால் வாழ்நாள் முழுவதும் உடல்நலத்தில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்ற அவர், 19 வயதிலேயே தகுதி பெற்ற மருத்துவரானார்.

ஏறத்தாழ பத்தாண்டுகள் ஸ்காட்லாந்தில் பணியாற்றிய பின், 1867-இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். டௌன்பேட்ரிக் நகரில் தம் சகோதரருடன் இணைந்து மருத்துவமனை நடத்திய அவர், பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரின் மே தெருவில் தொழிலை விரிவுபடுத்தினார். 1880-களின் நடுப்பகுதியில் அவரது மருத்துவமனை அயர்லாந்தின் மிகப் பெரிய கால்நடை மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கியது. மருத்துவப் பணிக்குத் தேவையான சில கருவிகளை ரப்பரைக் கொண்டு தாமே உருவாக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. ரப்பரோடு ஏற்பட்ட இந்தப் பழக்கமே பின்னாளில் அவரது பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது.

முற்றத்தில் நடந்த சோதனை

அக்காலத்தில் மிதிவண்டிகளின் சக்கரங்களில் கெட்டியான ரப்பர் பட்டைகளே பொருத்தப்பட்டிருந்தன. முன்சக்கரம் ஆளுயரத்தை எட்டிய பழைய வகை மிதிவண்டிகளுக்கு மாற்றாக, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்த பாதுகாப்பு மிதிவண்டி 1885-இல் இங்கிலாந்தில் சந்தைக்கு வந்தது. கீழே விழும் அபாயத்தை அது குறைத்தது. ஆனால் சக்கரம் சிறிதானதால், கல் பாவிய தெருக்களில் அதிர்வு முன்பைவிடக் கூடியது.

டன்லப்பின் மகன் ஓட்டிய மூன்று சக்கர மிதிவண்டியும் இதே குறையைக் கொண்டிருந்தது. அதைப் போக்க எண்ணிய டன்லப், 1887-ஆம் ஆண்டு அக்டோபரில் மெல்லிய ரப்பர் தகட்டால் ஒரு குழாயைச் செய்து, மர வட்டு ஒன்றின் விளிம்பில் பொருத்திக் காற்றடைத்தார். அந்த வட்டையும், மகனின் வண்டியிலிருந்து கழற்றிய உலோகச் சக்கரத்தையும் வீட்டு முற்றத்தில் உருட்டிவிட்டார். உலோகச் சக்கரம் வழியிலேயே நின்றது. காற்றடைத்த சக்கரமோ முற்றத்தைக் கடந்து வாயில் தூணில் மோதித் திரும்பியது.

அந்த எளிய சோதனை ஓர் அடிப்படை உண்மையை வெளிப்படுத்தியது. கெட்டியான சக்கரம் சிறு கல்லின் மீது ஏறும்போது வண்டியும் அதில் இருப்பவரும் சேர்ந்து மேலே தூக்கப்படுகின்றனர். முன்னோக்கிச் செல்ல வேண்டிய விசையின் ஒரு பகுதி அந்தக் குலுக்கலில் வீணாகிறது. காற்றடைத்த டயர் கல் இருக்கும் இடத்தில் மட்டும் உள்வாங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. சுகமான பயணத்துக்காகத் தொடங்கிய முயற்சி, வேகத்துக்கான வழியாகவும் அமைந்தது.

மகனின் வண்டியில் புதிய டயர்களைப் பொருத்திச் சோதித்த டன்லப், 1888-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி காப்புரிமை வழங்கப்பட்டது.

பந்தயம் அளித்த தீர்ப்பு

பருத்துத் தோன்றிய புதிய டயரைத் தொடக்கத்தில் பலரும் ஏளனத்துடன் பார்த்தனர். அந்த ஏளனத்துக்குப் பந்தயக் களத்திலேயே பதில் கிடைத்தது. பெல்ஃபாஸ்ட் மிதிவண்டிக் கழகம் ஒன்றின் தலைவரான வில்லி ஹியூம், காற்றடைத்த டயர் கொண்ட மிதிவண்டியை வாங்கினார். டன்லப்பின் யோசனைப்படி, 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் நடைபெற்ற போட்டிகளில் அவ்வண்டியுடன் களமிறங்கிய ஹியூம், நான்கு மிதிவண்டிப் பந்தயங்களிலும் வெற்றி பெற்றார். சில வாரங்களில் லிவர்பூலில் நடந்த போட்டிகளிலும் ஒன்றைத் தவிர அனைத்திலும் அவரே வென்றார்.

ஹியூமிடம் தோற்றவர்களுள் டப்ளின் நகரத் தொழிலதிபர் ஹார்வி டு கிராஸின் புதல்வர்களும் அடங்குவர். தோல்விக்கான காரணத்தை ஆராய்ந்த டு கிராஸ், டயரின் வணிக வாய்ப்பை உடனடியாக உணர்ந்தார். அவரது முயற்சியால் அதே ஆண்டில் டப்ளினில் காற்று டயர் நிறுவனம் தொடங்கப்பட்டது. தம் காப்புரிமையை டு கிராஸிடம் ஒப்படைத்த டன்லப், அதற்கு ஈடாக 1,500 பங்குகளைப் பெற்றார்.

பறிபோன காப்புரிமை

நிறுவனம் தொடங்கிய சிறிது காலத்திலேயே பேரிடி காத்திருந்தது. டன்லப்புக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தது தெரியவந்தது. 1845-இல் பிரிட்டனில் தாம்சன் பெற்ற அந்த உரிமை குதிரை வண்டிச் சக்கரங்களை மனத்தில் கொண்டது. மலிவான மெல்லிய ரப்பரும் மிதிவண்டியும் இல்லாத காலத்தில் தோன்றியதால், அக்கண்டுபிடிப்பு மக்களின் நினைவிலிருந்து மறைந்துபோயிருந்தது. தாம்சனின் பணி குறித்து டன்லப் அறிந்திருக்கவில்லை. ஆயினும் முதல் உரிமை தாம்சனுக்கே உரியது என்பதால் டன்லப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று.

பஞ்சர் எழுப்பிய கேள்வி

சட்டச் சிக்கலுடன் நடைமுறைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. டன்லப்பின் டயரில் காற்றுக் குழாயும் அதன் மேலுறையும் சக்கர விளிம்போடு ஒட்டப்பட்டிருந்தன. பஞ்சர் ஏற்பட்டால் அனைத்தையும் பிரித்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் ஒட்டி, பசை உலரும்வரை காத்திருக்க வேண்டும். பந்தயத்தின் நடுவே அது இயலாத செயல்.

இதற்கு 1890-இல் பிரிட்டனில் இரு தீர்வுகள் உருவாயின. சார்லஸ் வெல்ச், டயரின் ஓரத்தில் கம்பியைப் பதித்து அதை விளிம்பில் அமர்த்தும் முறையை வகுத்தார். வில்லியம் பார்ட்லெட், டயரின் ஓரத்தை விளிம்பின் மடிப்புக்குள் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தார். இரண்டிலும் டயரைக் கழற்றி, உள்ளிருக்கும் டியூபை மட்டும் வெளியே எடுக்க முடிந்தது. இவ்விரு காப்புரிமைகளையும் வாங்கியதாலேயே டு கிராஸின் நிறுவனம் நிலைத்தது.

பிரான்சில் மிஷெலின் சகோதரர்களும் கழற்றி மாட்டும் டயரை உருவாக்கினர். 1891-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைபெற்ற முதல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயம் டயர்களுக்கு இடையிலான போட்டியாகவும் அமைந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு கொண்ட அப்பந்தயத்தில் சார்லஸ் தெரோன் மிஷெலின் டயர்களையும், அவரது முக்கியப் போட்டியாளரான ஜியேல்-லாவல் டன்லப் டயர்களையும் பயன்படுத்தினர். வழியில் ஏற்பட்ட பஞ்சர்களைச் சரிசெய்துகொண்டு பயணத்தைத் தொடர்ந்த தெரோன், ஜியேல்-லாவல் ஓய்வெடுத்த இரவில் அவரை முந்திச் சென்று, 71 மணி 22 நிமிடங்களில் பாரிஸ் திரும்பி வெற்றி வாகை சூடினார். உறக்கத்தை வென்ற மன உறுதியே அவ்வெற்றிக்கு முதற்காரணம். எனினும், சாலையோரத்தில் விரைவாகப் பழுதுநீக்கக்கூடிய டயர் வேண்டும் என்பதை அப்பந்தயம் அனைவருக்கும் உணர்த்தியது.

தனி டியூபே இல்லாமல், காற்றறையும் மேலுறையும் ஒன்றாக வார்க்கப்பட்ட ஒற்றைக் குழாய் டயர்கள் அதே பத்தாண்டில் அமெரிக்காவில் பரவின. எடை குறைந்த அந்த டயர்களைக் கழற்றி உட்புறமாக ஒட்டுப் போட இயலாது என்பதே அவற்றின் குறை. இவ்வாறு, டியூப் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி டன்லப் வாழ்ந்த காலத்திலேயே எழுந்துவிட்டது.

ஒதுங்கிய கண்டுபிடிப்பாளர்

நிறுவனம் வளர வளர, அதில் டன்லப்பின் இடம் சுருங்கியது. 1895-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகி, தம் பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் 30 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டு, டன்லப்பின் பெயரைத் தாங்கிய புதிய நிறுவனமாக 50 லட்சம் பவுண்டு மதிப்பில் சந்தைக்கு வந்தது. பெயருக்கு உரியவருக்கு அச்செல்வத்தில் பெரும் பங்கு கிட்டவில்லை.

எஞ்சிய காலத்தை டப்ளினில் கழித்த டன்லப், துணி வணிக நிறுவனம் ஒன்றில் ஈடுபட்டிருந்தார். 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி தமது 81-ஆம் வயதில் காலமானார். டப்ளின் அருகேயுள்ள டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. காற்று டயரின் வரலாறு குறித்து அவர் எழுதிய நூல் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. வடக்கு அயர்லாந்தின் 10 பவுண்டு பணத்தாளில் அவரது உருவப்படம் பின்னாளில் இடம்பெற்றது.

நூற்றாண்டு கடந்த தேர்வு

டன்லப்புக்குப் பிந்தைய ஏறத்தாழ நூறு ஆண்டுகள், சாலைப் பந்தய வீரர்கள் டியூபுலர் எனப்படும் டயரையே பெரிதும் நம்பினர். மெல்லிய டியூபை உள்ளே வைத்துத் தைத்து, விளிம்பில் பசையால் ஒட்டப்படும் டயர் அது. காற்று இறங்கினாலும் விளிம்பைவிட்டு எளிதில் கழலாததால், வீரர் விழாமல் வண்டியை நிறுத்த முடியும். மாற்று டயரைத் தோளில் சுற்றிக்கொண்டு மலையேறும் டூர் டி பிரான்ஸ் வீரர்களின் பழைய படங்கள் அக்காலத்தை நினைவூட்டுகின்றன.

டியூப் இல்லாத நவீன டயர்கள் 1990-களின் இறுதியில் மலைப்பாதை மிதிவண்டிகளிலும், பின்னர் சாலை மிதிவண்டிகளிலும் இடம்பிடித்தன. 2019-இல் பெல்ஜியத்தின் கென்ட்-வெவெல்கெம் பந்தயத்தில் நார்வே வீரர் அலெக்சாண்டர் கிறிஸ்டோஃப் இவ்வகை டயரில் வென்றது பரவலாகக் கவனிக்கப்பட்டது.

டியூபை நீக்குவதால், டயருக்கும் டியூபுக்கும் இடையிலான உராய்வு மறைகிறது. குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டும்போது, விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும் ஆபத்தும் இல்லை. உள்ளே ஊற்றப்படும் அடைப்புத் திரவம், முள் ஏற்படுத்தும் சிறு துளைகளைத் தானாகவே மூடிவிடுகிறது. மறுபுறம், இந்த டயரை விளிம்பில் இறுக்கமாகப் பொருத்துவது கடினம். திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும். திரவத்தால் மூட முடியாத பெரிய கிழிசல் ஏற்பட்டால், அதே சக்கரத்துக்குள் ஒரு டியூபைச் செருகுவதே இறுதி வழியாகிறது. மெல்லிய லேடெக்ஸ் டியூபைப் பயன்படுத்தினால் இரு வகைகளுக்கும் இடையிலான வேக வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அத்தகைய டியூபில் காற்று விரைவாக இறங்கும். பந்தய நாளன்று காலையில் மீண்டும் காற்றடைக்க வேண்டும்.

எனவே, பின்னால் உதவி வாகனம் வரும் தொழில்முறை வீரருக்கும், உதவிக்கு எவரும் இல்லாத நெடுஞ்சாலையில் தனியே செல்லும் ஆர்வலருக்கும் ஒரே விடை பொருந்துவதில்லை. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆர்வலர்களுக்கான நெடுந்தொலைவுப் பயணமாக நடைபெறுகிறது. இந்தியாவிலிருந்தும் பலர் அதில் பங்கேற்கின்றனர். சோதனைச் சாவடிகளுக்கு வெளியே பிறர் உதவியைப் பெற விதிகள் இடம்தராததால், தெரோன் எதிர்கொண்ட அதே தேர்வை அவர்களும் எதிர்கொள்கின்றனர்: எந்த டயர் வேகமானது என்பதோடு, நள்ளிரவில் பஞ்சரானால் எதைத் தம் கைகளாலேயே சரிசெய்ய முடியும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

டன்லப்பின் பெயர் இந்தியாவிலும் ஆழ வேரூன்றியது. மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டம் சாஹாகஞ்சில் 1936-இல் டன்லப் டயர் ஆலை நிறுவப்பட்டது. பின்னர் சென்னை அம்பத்தூரிலும் ஓர் ஆலை எழுந்தது. கொல்கத்தாவின் வடபகுதியில் ஒரு சாலைச் சந்திப்பே டன்லப் என்று அழைக்கப்படுகிறது. சாதாரண மிதிவண்டிகளின் டியூபில் இன்றும் காணப்படும் எளிய வால்வு, பல நாடுகளில் டன்லப் வால்வு என்றே அறியப்படுகிறது. தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் வால்டியூப் என்று கேட்டு வாங்கப்படும் சிறு ரப்பர் குழல், அந்த வால்வின் மீது செருகப்படுவதே என்பது குறிப்பிடத்தக்கது.