குடல் நோய்க்கு மருந்து தேடிய சுப்பாராவ்



அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்குத் தரும் நீல மாத்திரையும் தெரிந்திருக்கும். இரண்டிலும் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நம் சென்னையில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சிறுவயதில் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். வீட்டார் பிடித்துக் கூட்டி வந்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அந்தக் காலத்தில்தான் வீட்டில் பேரிடி விழுந்தது. சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்கள் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். சுப்பாராவையும் அந்த நோய் படுக்கையில் தள்ளியது. பிழைத்து எழுந்தார்.

அது என்ன நோய்? அதற்கு நம் சிறுகுடலை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அதன் உட்சுவர் தேங்காய்ப்பூத் துண்டு போல இருக்கும். லட்சக்கணக்கான நுண்ணிய விரல்கள். உணவை உடைக்கும் நொதிகளைக் கணையம் அனுப்புகிறது. புரதத்தை உடைக்கும் நொதிகள் வரும்போது வேலை செய்யாத நிலையில்தான் வரும். விழித்த நிலையில் வந்தால் கணையத்தையே தின்றுவிடுமே! சிறுகுடல் சுவரிலுள்ள என்டிரோகைனேஸ் என்ற நொதி டிரிப்சினோஜனைத் தட்டி எழுப்பி டிரிப்சின் ஆக்குகிறது. அந்த டிரிப்சின் மற்றவற்றை எழுப்புகிறது. இந்த எழுப்பும் நொதியை 1899-ல் ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது.

ஆக, குடல் சுவர் வெறும் குழாய் அல்ல. செரிமானத்தை முடித்து, சத்தை உள்ளே எடுத்துக்கொள்வதும் அதுதான். ஸ்ப்ரூ அந்த விரல்களைத் தேய்த்துவிடுகிறது. வயிறாரச் சாப்பிட்டாலும் சத்து சேராது. ஓயாத வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எலும்பும் தோலுமான உடம்பு.

1923-ல் மனைவியை ஊரில் விட்டுவிட்டு, மாமனாரின் உதவியோடு அமெரிக்கா போனார் சுப்பாராவ். வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். 1925-ல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். அது இருவர் பெயராலும் இன்றும் வழங்குகிறது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அதற்கு முன்பே, 1931-ல், லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் ஒன்றைக் கவனித்திருந்தார். நெசவாலையில் வேலை செய்யும் கர்ப்பிணிகளின் கடும் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் தீர்ந்தது. தறி தெரிந்த நமக்கு அந்தப் பெண்களின் உழைப்பு தெரியும். ஈஸ்ட் சாற்றில் இருந்த பொருள்தான் ஃபோலேட். 1945-ல் சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. வெகு சீக்கிரமே அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது, தேறினார்கள்.

காரணம் இதுதான். கீரையிலும் பயறிலும் உள்ள ஃபோலேட்டுக்கு ஒரு வால் உண்டு. குடல் சுவரிலுள்ள நொதி அதை நறுக்கினால்தான் உடம்பில் ஏறும். சுவர் கெட்டுவிட்டால் அந்த வேலை குறைகிறது. குடல் சுவரோ சில நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அதற்கு ஃபோலேட் வேண்டும். கிடைக்காவிட்டால் சுவர் இன்னும் கெடும். மாத்திரையில் உள்ளதற்கு அந்த வால் இல்லை. நேராக உள்ளே போய் இந்தச் சுழலை உடைக்கிறது.

1948-ல் அவர் தலைமையிலிருந்த ஆய்வுக்கூடத்திலிருந்தே ஆரியோமைசின் வந்தது. டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து. இன்றும் ஸ்ப்ரூவுக்கு மருத்துவர்கள் தருவது ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் வகை மருந்தும்தான். சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு இரண்டு மருந்தும் ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்துவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், 53 வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். ஊருக்குத் திரும்பவே இல்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

இந்த நோய் நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 1960-களின் தொடக்கத்தில் பக்கத்து வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள்.

எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்து எடையும் குறைந்தால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். அந்தச் சிவப்பு மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். அதற்குப் பின்னால் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது.