நீரை மறவாத ஓவியர்

ஆற்றிலோ, குளத்திலோ, கடலோரத்திலோ நீரை வாரி இறைத்து விளையாடாத இளமை நம்முள் எவர்க்கும் இராது. வயது ஏற ஏற அவ்வின்பம் மங்குதல் உலக இயல்பு. எண்பத்தாறு ஆண்டு வாழ்ந்தும் அதனை மங்கவிடாத ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவரே பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே.

1840-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்த அவர், ஏறத்தாழ ஐந்து வயதிற் பெற்றோருடன் லெ ஆவ்ர் என்னும் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தார். வெயில் ஒளிரும் நாட்களிற் பள்ளி அவருக்குச் சிறையாகவே தோன்றிற்று. பாறைகளில் ஓடியும், கரையோர நீரில் அளைந்தும் பொழுதைக் கழித்தார். அலைமேல் ஒளி உடைவதையும், நிழல் நெளிவதையும் அவருக்குக் கற்பித்த முதல் ஆசான் அக்கடலே எனலாம். பின்னர் பூதேன் என்னும் ஓவியர் அவரைத் திறந்தவெளியில் தீட்டப் பழக்கினார்.

1872-இல் அத்துறைமுகத்தின் வைகறையைத் தீட்டினார். 1874-இற் காட்சிக்கு வைத்தபோது ஏளனமே கிடைத்தது. எனினும், அவ்வேளனச் சொல்லே ஒரு புதிய ஓவிய இயக்கத்தின் பெயராய் நிலைத்தது. 1896-இல் அவரது வைக்கோற்போர் ஓவியத்தை மாஸ்கோவிற் கண்ட காண்டின்ஸ்கி, பொருள் இன்னதென முதலில் அறியாமலே வண்ணத்தில் மனம் பறிகொடுத்தார். அவரே பிற்காலத்தில் அருவ ஓவியத்தின் முன்னோடியரில் ஒருவரானார்.

1883 முதல் ஜிவர்னி என்னும் சிற்றூரில் வாழ்ந்த மோனே, 1893-இல் நிலம் வாங்கிக் குளம் அமைத்து அல்லி வளர்த்தார். 1911-இல் மனைவியையும், 1914-இல் மூத்த மகனையும் இழந்தார். கண்புரை வண்ணங்களைத் திரித்துக் காட்டிற்று. ஓவியனுக்கு இதனினும் கொடிய இடர் உண்டோ? ஆயினும் தூரிகையை அவர் கைவிட்டாரில்லை. 1923-இற் கண் அறுவை செய்துகொண்டு மீண்டும் தீட்டினார். கரையும் வானமும் மறைந்து, நீரும் ஒளியும் மட்டுமே எஞ்சிய பெரும் படங்கள் அவை. 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டு பாரிஸ் ஒராஞ்சரியின் இரு நீள்வட்டக் கூடங்களில் அவை மக்கள் காட்சிக்கு வந்தன.

அவற்றின் நடுவே நிற்போர், நீரில் இறங்கிய சிறுவரைப்போல் ஆகின்றனர். முதுமையும் துயரும் பறிக்க இயலாத செல்வத்தை அக்கடற்கரை அவருக்கு அளித்திருந்தது. பிறந்த ஊரின் நீர்த்துறைகளை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம், நம் மக்கட்கும் அச்செல்வத்தை மறவாது வழங்குவோமாக.