தகடூர் மண்ணிலிருந்து இரண்டாம் தூது

வெளிநாட்டுப் பயணத்திற்கு ஆயத்தமாதல் என்றதும் கடவுச்சீட்டு, ரயில் பாஸ், கம்பளி உடை, கையிருப்புப் பணம், உடன்வரும் நண்பர் என்றொரு பட்டியல் நம் நினைவில் விரிகிறது. ஓசூரின் தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சிக்கும் பணிக்குமாகக் கடல் கடந்து செல்வோர் பெருகிவிட்ட இந்நாளில் அப்பட்டியல் எல்லார்க்கும் பழகியதே. ஆனால், எண்பத்து மூன்றாம் வயதில் முதன்முறையாக மேலைநாட்டுப் பயணம் மேற்கொண்ட நம் மண்ணின் மைந்தர் ஒருவரின் ஆயத்தம் இப்பட்டியலில் அடங்காது. அவர் மூதறிஞர் ராஜாஜி.

கல்வி, போர், தூது ஆகியவற்றைப் பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இவற்றுள் தூது பற்றிய அரிய சான்று நம் பகுதிக்கே உரியது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தொண்டைமான் பெருமிதத்துடன் காட்டிய படைக்கலக் கொட்டிலைக் கண்டு, அவை புதுமெருகு குலையாமல் அழகாக இருப்பதையும், தம் அரசனின் வேல்கள் போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பேசிய அவரது நயத்தைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழித்து அதே நிலப்பகுதியில் பிறந்த மற்றொருவரும் படைக்கலங்கள் பற்றிப் பேசத் தூது சென்றார் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் ஊர் முன்சீப். ஐந்து வயதில் குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர, பள்ளிக் கல்வி அங்கே தொடர்ந்தது. அக்காலத்தில் ஓசூருக்கு ரயில் கிடையாது. மொரப்பூரிலிருந்து 1906இல் தருமபுரி வரை வந்த குறுகிய பாதை 1913இல்தான் ஓசூரைத் தொட்டது. அதுவும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1941இல் மூடப்பட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லையூரில் வளர்ந்த சிறுவர் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்று 1894இல் பட்டம் பெற்றார். சென்னையில் சட்டம் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார்.

அவரது பிற்காலத் தூதுக்கான ஆயத்தம் சேலத்திலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. 1916இல் நண்பர்களுடன் கூடி, அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டார். அதற்கென இதழும் நடத்தப்பெற்றது. பின்னர்த் திண்ணை ரசாயனம் என்ற நூலில் வேதியியலைத் திண்ணைப் பேச்சின் எளிமைக்குக் கொண்டுவந்தார். அணுவின் ஆற்றலை அஞ்சி ஒதுங்காமல், அதனை விளங்கிக்கொண்டு பேசும் தகுதி இத்தகைய பயிற்சியால் வாய்த்தது.

மற்றோர் ஆயத்தம் எளிமை. நாற்பது வயதை எட்டுமுன் மனைவியை இழந்து ஐந்து குழந்தைகளுடன் நின்றவர், பெருகிவந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்து காந்தியடிகளின் வழியில் சென்றார். வேலூர்ச் சிறை புகுந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் குடிசையில் வாழ்ந்தார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பெடுக்க நடந்த பயணத்தில் அவரது படையிடம் தடியும் இல்லை. படைக்கலமின்றிப் பேரரசை எதிர்கொள்ளலாம் என்பதை நூலில் படித்தறிந்தவர் அல்லர் அவர். கால்தேய நடந்து கற்றவர்.

அவருடைய நண்பரும் எதிரணித் தலைவருமான பெரியார், 1931 டிசம்பரில் எஸ். இராமநாதன் உள்ளிட்ட தோழர்களுடன் கப்பலேறி ஐரோப்பிய நாடுகளையும் ரஷ்யாவையும் சுற்றிவந்தார். அந்த இராமநாதன் 1937இல் ராஜாஜியின் அமைச்சரவையிலேயே இடம்பெற்றார் என்பது காலத்தின் விந்தை. பெரியாரின் பயணத்தைப் பழைய வகைப்படி கல்விப் பிரிவு எனலாம். ராஜாஜியோ மாகாண முதல்வர், இந்தியாவின் தலைமை ஆளுநர், மீண்டும் முதல்வர் எனப் பதவிகள் பல வகித்தும் மேலைநாடுகளைக் காண விரையவில்லை. தூது என்றொரு காரணம் வந்த பின்னரே புறப்பட்டார்.

அக்காரணத்தின் கடுமையை இன்று நாம் மறந்திருக்கக்கூடும். 1961 அக்டோபர் 30ஆம் நாள் சோவியத் நாடு ஏறத்தாழ 50 மெகாடன் ஆற்றலுடைய குண்டை வெடித்துப் பார்த்தது. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் வளிமண்டலச் சோதனைகளை மீண்டும் தொடங்கியது. வெடிப்பில் தோன்றும் ஸ்ட்ரான்சியம்-90 மழையோடு மண்ணில் இறங்கி, புல்லில் ஏறி, பசுவின் பாலில் கலந்து, குழந்தைகளின் எலும்பில் தங்குகிறது. போரே நிகழாமல் பிறந்த குழந்தையைத் தாக்கும் படைக்கலம் அது. இச்சோதனைகளை ராஜாஜி பல ஆண்டுகளாகக் கண்டித்து எழுதி வந்தார். 1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் தில்லியில் கூட்டிய அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைத் தொடர்ந்து, தூதுக்குழு ஒன்று அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்றது.

உடன் சென்ற நண்பர் இருவர். ஒருவர் தார்வாடு தந்த ஆர்.ஆர். திவாகர், கன்னட எழுத்தாளர், மத்திய அமைச்சராகவும் பீகார் ஆளுநராகவும் இருந்தவர். மற்றவர் மங்களூரைச் சேர்ந்த பி. சிவராவ், பத்திரிகையாளர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். எல்லையின் இப்புறத்துத் தமிழர் ஒருவரும் அப்புறத்துக் கன்னட நாட்டார் இருவரும் ஒன்றாய்ப் புறப்பட்டனர். மொழியெல்லையை வைத்துப் பூசல் எழும்போதெல்லாம் எல்லைப்புறத்தவராகிய நாம் நினைவுகூர வேண்டிய தோழமை இது.

தம் நாட்டில் அப்போது ராஜாஜியின் நிலை என்ன? 1959இல் சுதந்திரா கட்சியைத் தோற்றுவித்து நேருவின் ஆட்சியைக் கடுமையாக எதிர்த்து வந்தார். 1962 பொதுத்தேர்தலின் சூடு தணிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கட்சி எதிர்ப்பு அத்தூதுக்குத் தடையாகவில்லை. செப்டம்பர் 28ஆம் நாள் வாஷிங்டனில் அவரும் நண்பர்களும் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தனர். கென்னடிக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. தூதருக்கு எண்பத்து மூன்று. ஒதுக்கிய நேரத்தைக் கடந்து உரையாடல் நீண்டது.

அத்தூது வென்றதா? ஒரு மாதம் முடிவதற்குள் கியூபா நெருக்கடி உலகை அணுப்போரின் விளிம்பிற்குத் தள்ளியது. இமயத்தில் சீனப் படை பாய்ந்தது. ஆயினும் 1963 ஆகஸ்ட் 5ஆம் நாள் மாஸ்கோவில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் நாடு ஆகிய மூன்றும் வளிமண்டலத்திலும் விண்ணிலும் நீரடியிலும் சோதனை நிகழ்த்துவதில்லை என ஒப்பந்தம் செய்தன. இதனை ராஜாஜியின் வெற்றி என்று பாடுவது மிகையாகும். பல நாட்டு அறிஞர்களும் தாய்மாரும் எழுப்பிய குரல்களுள் அவருடையதும் ஒன்று. நிலத்தடிச் சோதனைகளை அவ்வொப்பந்தம் தடுக்கவில்லை. 1972 டிசம்பர் 25ஆம் நாள் ராஜாஜி மறைந்தார். 1974 மே 18ஆம் நாள் பொக்ரானில் நிலத்தடியில் வெடித்தது இந்தியாவின் முதல் அணுச்சோதனை.

ஔவையாரின் தூதுக்குப் பின்னால் அதியமானின் வேல்கள் இருந்தன. ராஜாஜியின் தூதுக்குப் பின்னால் அரசும் இல்லை, படையும் இல்லை. சொல்லொன்றையே கொண்டு செல்வோர்க்கு உடனடி வெற்றி உறுதியில்லை என்பதையே அவர் பயணம் காட்டுகிறது. அதை நன்கறிந்தும் முதுமையில் புறப்பட்டார் என்பதே அவ்வாழ்வின் பெருமை. பத்தாண்டு நிறைந்த நம் இலக்கிய வட்டத்தின் கவிஞர்களிடமும் சொல்லையன்றி வேறு கருவி இல்லை. தொரப்பள்ளியில் அவர் பிறந்த இல்லம் நினைவகமாக நிற்கிறது. அங்கே செல்லும் நம் கவிஞர்கள் அவர் வகித்த பதவிகளோடு 1962ஆம் ஆண்டின் அத்தூதையும் உள்ளத்தில் எழுதிக்கொள்வார்களாக.