ஆசிரியருக்கு இல்லம் அமைத்த வள்ளல் ஜூலியஸ் ரோசன்வால்ட்

ஆசிரியர் நிலைத்து நில்லாத பள்ளி, கட்டடம் எத்துணைச் சிறப்புடையதாயினும், பெயரளவிலேயே பள்ளியாகும். ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழும் இடங்களில் பள்ளிக்கூடம் எழுவது அரிது. எழுந்த பள்ளியில் நல்லாசிரியர் தங்குவது அதனினும் அரிது. இவ்விரண்டு குறைகளையும் நீக்க முயன்றோருள் அமெரிக்க வணிகப் பெருமகனார் ஜூலியஸ் ரோசன்வால்ட் குறிப்பிடத்தக்கவர். கல்விப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது அவர்தம் வரலாறு.

ரோசன்வால்ட் 1862 ஆகஸ்டு 12-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர். தந்தையார் ஆடை வணிகர். பதினாறு வயதளவில் பள்ளிப் படிப்பை விடுத்து, நியூயார்க்கில் தாய்மாமன்மாரிடம் தொழில் பயின்றார். 1895-இல், அஞ்சல் வழியே பொருள் விற்று வந்த சியர்ஸ் ரோபக் நிறுவனத்தில் பங்கு கொண்டு, 1908-இல் அதன் தலைவரானார். பெருஞ்செல்வம் அவரை வந்தடைந்தது.

அடிமையாகப் பிறந்து, டஸ்கீகி கல்வி நிலையத்தை உருவாக்கிய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை ரோசன்வால்ட் 1911-இல் சந்தித்தார். அச்சந்திப்பு அவர் வாழ்வின் திருப்புமுனை ஆயிற்று. அந்நாளில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சட்டப்படியே தனிப் பள்ளிகள். கறுப்பின மக்களும் வரி செலுத்தினர். ஆயினும் அவர்தம் குழந்தைகள் தேவாலயங்களிலும் பழுதுற்ற குடில்களிலும் பயின்றனர். பல ஊர்களில் ஆண்டில் சில மாதங்களே பள்ளி நடைபெற்றது. கறுப்பின ஆசிரியர் ஊதியம் பல இடங்களில் வெள்ளை ஆசிரியர் பெற்றதில் பாதியினும் குறைவு.

1912-இல் தம் ஐம்பதாம் பிறந்த நாளையொட்டி, டஸ்கீகிக்கு 25,000 டாலர் நல்கினார் ரோசன்வால்ட். அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு சிற்றூர்ப் பள்ளிகள் கட்டலாம் என வாஷிங்டன் வேண்ட, அவர் இசைந்தார். அலபாமாவில் ஆறு பள்ளிகள் எழுந்தன. 1915-இல் வாஷிங்டன் மறைந்த பின்னரும் பணி தொடர்ந்தது. 1917-இல் ரோசன்வால்ட் நிதியம் நிறுவப்பெற்றது.

நிதியம் முழுச் செலவையும் ஏற்கவில்லை. ஊர் மக்கள் பொருளோ நிலமோ உழைப்போ தருதல் வேண்டும். அரசும் தன் பங்கினைத் தருதல் வேண்டும். கட்டடம் பொதுப் பள்ளிக்கு உரியதாதல் வேண்டும் என்பன நிபந்தனைகள். ஏழை உழவர் தம் பருத்தி விளைவில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கினர். பெண்கள் கோழி விற்றும் உணவு சமைத்து விற்றும் பொருள் திரட்டினர். அடிமை வாழ்வைக் கண்ட முதியவர் ஒருவர், தம் வாழ்நாள் சேமிப்பான 38 டாலரைப் பையிலிருந்து மேசைமேல் கொட்டினார் எனப் பணியாளர் ஒருவரின் அறிக்கை கூறும்.

1932 வரை 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், 163 தொழிற்கூடங்களும், 217 ஆசிரியர் இல்லங்களும் எழுந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் நிதியம் தந்தது 43 லட்சத்திற்குச் சற்று மேல். கறுப்பின மக்கள் தந்ததோ 47 லட்சம்! வள்ளலின் கொடையினும் வறியவரின் கொடை மிகுந்து நின்றது.

ஆசிரியர் இல்லங்களின் தேவையை ஈண்டு எண்ணிப் பார்த்தல் நலம். சிற்றூருக்கு வரும் ஆசிரியர், பெரும்பாலும் இளம்பெண்கள், தங்க இடமின்றி மாணவர் வீடுகளில் நெருக்கடியில் ஒண்டி வாழ்ந்தனர். வசதி கிடைத்தவுடன் வேறிடம் நாடினர். பள்ளியருகே தூய இல்லம் ஒன்று அமைந்தால் ஆசிரியர் ஊரோடு ஒன்றுவர் என நிதியம் கருதியது. பள்ளி நடைபெறும் மாதங்களை மிகுவிக்கவும் அது பொருளுதவி செய்தது. மாதம் மிகுந்தால் ஆசிரியரின் ஆண்டு வருவாயும் மிகுமன்றோ? பள்ளி நூலகங்களுக்கும் துணைபுரிந்தது. இவற்றோடு, ஜீன்ஸ் நிதியத்தின் உதவி பெற்ற மேற்பார்வை ஆசிரியைகள் ஊர் ஊராகச் சென்று, தனித்திருந்த ஆசிரியர்க்கு வழிகாட்டினர். அவர்களுள் முதல்வர், 1908-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பணியேற்ற வர்ஜீனியா ராண்டால்ஃப் அம்மையார்.

இத்திட்டத்திற்குக் குறையும் உண்டு. வரி செலுத்திய மக்களே மீண்டும் கைப்பொருள் ஈந்தனர். அஃது இரட்டை வரியே எனக் கூறுவோர் கூற்றைத் தள்ளுதற்கில்லை. இனம் பிரிக்கும் சட்டத்தை இத்திட்டம் எதிர்க்கவில்லை. ஆசிரியர் ஊதியத்தில் நிலவிய அநீதியும் இதனால் ஒழியவில்லை. ஊதிய உரிமைக்காகக் கறுப்பின ஆசிரியர்கள் பிற்காலத்தில் நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று.

ரோசன்வால்ட் 1932 சனவரி 6-ஆம் நாள் மறைந்தார். தாம் மறைந்து 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதும் செலவிடப்படல் வேண்டும் என அவர் விதித்திருந்தார். 1948-இலேயே அது செலவாகி முடிந்தது. அந்நிதியத்தின் உதவித்தொகை பெற்றோருள் அறிஞர் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையரும் அடங்குவர். இனப் பிரிவினைக் கல்வி சட்டத்திற்கு ஒவ்வாதது என 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் அவர்தம் ஆய்வும் இடம் பெற்றது.

கல்விக் கழகம் ஒன்று கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டும்போதே, அங்கு வரும் ஆசிரியர் எங்கே தங்குவார், எதைக் கொண்டு வாழ்வார், யாரிடம் துணை பெறுவார் என எண்ணுதல் கடன். சமூகம் தன் பங்கைத் தரும், தந்தும் வந்துள்ளது. அதனைக் காட்டி அரசு தன் கடமையினின்று விலகாதவாறு காத்தலும் அக்கழகத்தின் பொறுப்பேயாகும். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிப்பது ரோசன்வால்ட் பள்ளிகளின் வரலாறு.